விட்டில் கணக்கு

ஸ்கார்புரோ, ரூஜ் ஆற்றங்கரை.
ஜூலை முதல் வாரம், நிலவில்லாத புதன்.
இரண்டு மேப்பிள்களுக்கு நடுவே கொடி கட்டி
என் வெள்ளைக் கட்டில்விரிப்பைத்
துவைத்துக் காயப்போட்டதுபோல் தொங்கவிட்டோம்.
மூலையில் போகாத ஒரு மஞ்சள் கறை,
எந்த வருடத்துக் குழம்போ.
பின்னால் ஊதா விளக்கு.

கணக்கு எழுதுவது நான்.
பெயர் சொல்வது மிரியானா.
பகலில் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பாள்,
இரவில் லத்தீன் பேசுவாள்.

முதல் பத்து நிமிடம் நுளம்பு மட்டும்.
தூரத்தில் 401 நெடுஞ்சாலையின் இரைச்சல்.
பிறகு
இருட்டு தன் சட்டைப்பைகளைக் கவிழ்த்தது.

உமியளவு ஒன்று.
கிழிந்த பேருந்துச் சீட்டுப்போல் ஒன்று.
பறவை எச்சமென்று நான் துடைக்கப் போனது
ஆறு காலோடு தள்ளி உட்கார்ந்தது.
மரப்பட்டைத் துண்டு முன்சிறகை விலக்கிற்று,
உள்ளே கல்யாணச் சிவப்பில் பாவாடை.
ரோஸும் மஞ்சளுமாய் ஒன்று,
யாருடைய பிறந்தநாள் கேக்கிலிருந்தோ எழுந்து வந்திருந்தது.

மேலே வௌவால் வளைந்து இறங்க
எல்லாம் சிதறின.
ஒன்று மட்டும் ஓடவில்லை.
டிக் டிக் என்று ஏதோ சொல்லிற்றாம்:
நான் கசப்பேன்.
எனக்குக் கேட்கவில்லை.
வௌவாலுக்குக் கேட்டிருக்க வேண்டும், திரும்பிப் போயிற்று.

பதினொன்றேகாலுக்கு லூனா.
அன்றைக்கு வராத நிலவின் பதிலாள்போல்
வெளிர்பச்சையில், நீண்ட இரட்டை வாலோடு.
வாய் கிடையாது என்றாள் மிரியானா.
புழுவாயிருந்தபோது தின்றதே போதும்
மிச்சமிருக்கும் ஆறேழு நாளுக்கு.
கையிலிருந்த ரோல்ஸை
மெல்வதை நிறுத்தினேன் சற்று.

நம் பாட்டுகளில் விட்டிலுக்கு ஒரே உத்தியோகம்.
விளக்கில் விழுந்து சாவது.
காதலித்தவனுக்கு உவமை, மூடனுக்கும் அதே உவமை.
ஒரு சொல்லுக்குள்
எத்தனை பேரைப் பூட்டி வைத்திருந்தோம்!
இங்கே ஒன்று தன் மீசையைச் சீவுகிறது.
இரண்டு, வாலோடு வால் பொருத்தி
எங்களைப் பொருட்படுத்தாமல் இருக்கின்றன.
ஒன்றைச் சிலந்தி கொண்டு போயிற்றுத்தான்.
அது விளக்கின் குற்றமில்லை.

லத்தீன் வராத குறைக்கு
படிவத்தின் ஓரத்தில் நானும் பெயர் வைத்தேன்.
பாவாடைக்காரி. கசப்பன். கேக்குத்துண்டு.
வாயில்லாச் சீமாட்டி.

பிறகு பழுப்பு.
இன்னொரு பழுப்பு.
மிரியானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
இவற்றை உயிரோடு பிரித்தறிய முடியாதாம்.
கொன்று, வயிற்றைத் திறந்து
நுண்ணோக்கியில் வைத்தால்தான் பெயர் கிடைக்குமாம்.
அப்படியென்றால் பெயர் வேண்டாம் என்றேன்.
எழுதினேன்: பழுப்பு, தெரியாதது, பதினேழு.
பதினேழும் ஒரு குலமா,
பதினேழு குலத்துக்கு ஆளுக்கொருவரா,
அவற்றுக்குத் தெரியும்.

ஒன்றரை மணிக்கு
அறுபத்து மூன்று வகையில் நின்றது கணக்கு.
கோயில் உட்சுற்றில்
கைகூப்பி வரிசையாய் நிற்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.
அங்கேயும் எனக்கு
நாலு பேருக்குமேல் அடையாளம் தெரியாது.
எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுவேன்.

விளக்கை அணைத்து விரிப்பை மடிக்கப் போனால்
மஞ்சள் கறையின் மேல்
பழுப்பு ஒன்று.
சாவகாசமாய் முட்டையிட்டுக்கொண்டிருந்தது,
ஊசிமுனைப் புள்ளிகள், நெருக்கித் தைத்த தையல்போல.
எந்த இலையென்று நினைத்ததோ.

நின்றோம்.
மிரியானா கடிகாரத்தைப் பார்த்தாள்,
காலை எட்டுக்கு அவளுக்கு வேலை.
எனக்கும்தான்.

அது முடித்துப் பறக்க இருபது நிமிடம்.
கைப்பையிலிருந்த நகக்கத்தரியால்
அந்த மூலையை வெட்டி
மேப்பிளின் தாழ்ந்த கிளையில் கட்டினோம்.
மேப்பிள் தின்னுமா அதன் குஞ்சு?
தெரியாது.
பக்கத்தில் ஓக், காட்டுச்செர்ரி, நெட்டில் எல்லாம் இருக்கின்றன.
ஊர்ந்து போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது என் கட்டிலில்
விரிப்புக்கு மூன்று மூலை.